ஐப்பசியில் பன்னிரண்டு படங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்து நான்கு வயது நடக்கும்போது, ஒரே ஒரு நாள் பயணத்துக்காக இரண்டு மாதம் திட்டம் போட்டேன். போன தூரத்தைச் சொன்னால் இப்போது எல்லோரும் சிரிப்பார்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, அங்கிருந்து திருப்பத்தூர் வழியாகக் கீழச்சிவல்பட்டி, பொழுது சாய்வதற்குள் வீடு. ஆனால் அதுவரை நான் தனியாகப் போயிருந்த தூரம், எங்கள் தெருமுனையில் இருந்த மாவு மில் வரைதான்.

என் கணவர் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்து நாற்பது நாள் ஊரில் இருந்துவிட்டுக் கப்பல் ஏறியவர், மூன்று வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வந்தார். குழந்தை தங்கவில்லை. அந்த லீவில் வரும்போது ஒரு கறுப்புப் பெட்டிக் கேமரா கொண்டுவந்திருந்தார். உறவுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து எடுத்தார். திரும்பிப் போகும்போது பெட்டியில் இடம் இல்லை என்று கேமராவை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கென்று கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை அதைத் துணியால் துடைத்து வைப்பது என் வேலையாகிப் போனது.

அவருடைய கடிதங்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். நலம், நலமறிய ஆவல், அம்மாவுக்கு என் சலாம், தங்கைக்கு என் அன்பு. ஒருமுறை மட்டும், ஆவணி மாதத்தில் வந்த கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தார். இங்கே எல்லா மாதமும் மழை, நம் ஊரில் ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் செம்மண் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது என்று. ஐந்து வருஷக் கடிதங்களில் அவர் மனசுக்குள் இருந்த ஒன்றைச் சொன்னது அதுதான். அந்த இரண்டு வரிக்காக நான் அந்தக் கடிதத்தை எத்தனையோ முறை எடுத்துப் படித்தேன்.

அப்போது எனக்கு வீட்டில் இருந்த ஒரே தோழி என் நாத்தனார். பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஐப்பசியில் மழை பெய்து கண்மாய்கள் நிறைந்ததும் நாம் இரண்டு பேரும் போய்ப் படம் எடுத்து அனுப்பினால் என்ன என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் உடனே ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அவள் எழுத்துக்கூட்டிப் படித்து எனக்குத் தமிழில் சொல்வாள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. ஒரு ரோலில் பன்னிரண்டு படம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் போய், இரண்டு கை விரல்களையும் சதுரமாக மடக்கி அதன் வழியே ஊரைப் பார்ப்போம். பள்ளிவாசல் மினாரா, பக்கத்து வீட்டு ஓடு, காயப்போட்ட சேலை எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் வந்து நின்றன.

குன்றக்குடி மலையைக் கண்மாய்க் கரையிலிருந்து எடுத்தால் தண்ணீரில் நிழல் விழும், ஆனால் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும் என்று நோட்டில் எழுதினோம். அதற்கு இரண்டு படம். நாற்று நடும் பெண்களுக்கு இரண்டு. கீழச்சிவல்பட்டித் தெருக்களில், இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாத அளவுக்கு நீண்டு கிடக்கும் செட்டியார் வீட்டு மதில்களுக்கு நான்கு. வெறும் மண்ணுக்கு ஒன்று. மீதி மூன்று, வழியில் கண்ணில் படுவதற்கு. மண்ணைப் போய் யாராவது படம் எடுப்பார்களா என்று அவள் கேட்டாள். 

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் ஐப்பசியில் வந்தது. பெருநாள் கழிந்த வாரத்தில் போவதாக இருந்தோம். ஆனால் நோன்பு தொடங்குவதற்கு முன்பே இளையான்குடியிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பெருநாள் முடிந்த ஐந்தாம் நாள் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை உடனே சிங்கப்பூர் திரும்ப வேண்டுமாம். தங்கை கல்யாணத்துக்கு வர என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணம் பேசிய பெண்ணை யார் வெளியே விடுவார்கள்? மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தவள், நான் அவள் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க போயிட்டு வாங்க மதினி. நோட்ட எம் பெட்டிக்குள்ள வச்சுறாதீக, மறந்துபோய்க் கொண்டுபோயிருவேன்."

அவள் போன பிறகு வீட்டில் என் கணவரின் அம்மாவான மாமியும் நானும் மட்டும். மாமி அதிகம் பேசமாட்டார். காலையில் குர்ஆன் ஓதுவார், பிறகு அரிசி புடைப்பார், பிறகு படுத்துக்கொள்வார். அவள் இருந்தவரை எனக்குத் தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது: அந்த வீட்டில் நான் ஒரு நாளைக்குப் பேசுவது இருபது வார்த்தைகூடத் தேறாது. மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய கையெழுத்தில் 'நாங்கள் இருவரும்' என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் கண் போய் நின்றது.

ஐந்தாம் நாள் மழை விட்டது. அன்று சாயங்காலம் மாமியிடம் போய், நாளைக்குப் போகப்போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பெரியம்மா வீட்டுக்கு என்று பொய் சொல்லக்கூட நினைத்திருந்தேன். அவர் முன்னால் நின்றபோது பொய் வாயில் வரவில்லை. மாமி முறத்தைக் கீழே வைத்தார்.

"ஒங்க மாமா பர்மாவுல இருந்த பதினோரு வருஷமும் நான் இந்த வாசலத் தாண்டல," என்றார். "தாண்டியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. அது எனக்குத் தெரியாமப் போச்சு."

மறுநாள் எலுமிச்சம்பழச் சோறு கட்டி என் பைக்குள் வைத்ததும் அவர்தான்.

முதல் பஸ்ஸில் போனேன். வெள்ளைத் துப்பட்டியை நெற்றி வரை இழுத்துவிட்டு, கேமராவைப் பைக்குள் வைத்து மடியோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் எங்குட்டுப் போறீக, கூட யாரும் வரலையா என்று கேட்டாள். வரவில்லை என்றதும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குன்றக்குடியில் கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையில் ஏறியபோது செருப்பில் செம்மண் அப்பிக் கால் கனத்தது. மலை ஈரத்தில் கறுத்து, இரண்டாவது மலையாகத் தண்ணீருக்குள்ளும் நின்றது. நோட்டில் எழுதியிருந்தபடியே எல்லாம் இருந்தன. சூரியன் முதுகுப்பக்கம், முழங்கை விலாவோடு, நேரம் எட்டுக்குள். படத்தை எடுத்துவிட்டுத் திரும்பி, பார்த்தியா என்று சொல்ல வாயைத் திறந்தேன். கரையில் யாரும் இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. ஆனால் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அழகான ஒன்றைத் தனியாகப் பார்க்கும்போது நெஞ்சில் இப்படி ஒரு பாரம் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, என் காலடி பதிந்திருந்த அந்த மண்ணை ஒரு படம் எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கீழச்சிவல்பட்டியில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. மழை கழுவிவிட்ட மதில்கள். அகலமான தெரு. பூட்டிய கதவுகளுக்கு மேலே சுதைப் பொம்மைகள். தெருவில் நான் நடக்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு மதில், அதன் திருப்பம், அடுத்த மதில் என்று எடுத்துக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் மட்டும் கதவு திறந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க, செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் வாசலில் வந்து நின்று, யார் வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம், படம் எடுக்க வந்தேன் என்றேன். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றேன். ஆச்சி உள்ளே வரச் சொன்னார்.

வளவு முற்றத்தில் உட்கார்ந்து மோர் குடித்தேன். அத்தனை பெரிய முற்றத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. கணவரும் பிள்ளைகளும் சென்னையில், தொழில் அங்கே. வீட்டைப் பூட்டிப்போட்டால் கறையான் ஏறிவிடும் என்று ஆச்சி மட்டும் இங்கே. என் கணவர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.  எலுமிச்சம்பழச் சோற்றை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. ஆச்சியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

"என்னைய எடுத்து என்ன செய்யப்போறீக? கேமராவ இங்க குடுங்க. ஒங்கள ஒண்ணு எடுத்துப் பினாங்குக்கு அனுப்புங்க."

எதை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். என்னைத் தூணுக்குப் பக்கத்தில், வெயில் படும் இடத்தில் நிற்க வைத்தார். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அந்தத் துப்பட்டியக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, மொகம் தெரியல," என்றார். தள்ளினேன். அமுக்கினார்.

ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. இரண்டு இடத்தில் ரோலைச் சுற்ற மறந்து ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்திருந்தது. வெறும் மண்ணை எடுத்தது வெறும் சாம்பல் நிறமாக வந்திருந்தது. கறுப்பு வெள்ளை பிலிமில் சிவப்பு எப்படி வரும் என்று இரண்டு மாதத் திட்டத்தில் நாங்கள் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. நன்றாக வந்தவற்றில் ஏழு படங்களைப் பொறுக்கியெடுத்து, பின்பக்கம் ஊரும் இடமும் எழுதி அனுப்பினேன். என் படத்தின் பின்னால் மட்டும் எதுவும் எழுதவில்லை. என்னைப் பார்த்தால் அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். ஆச்சிக்கு ஒரு பிரதி அனுப்ப ஆசைப்பட்டேன். பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே வந்திருந்தேன்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. நலம், நலமறிய ஆவல். படங்கள் கிடைத்தன. அதற்குக் கீழே, 'கடைசிப் படத்தில் முக்காடு இல்லாமல் சிரிக்கிறாய். எடுத்தது யார்?'

மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்மாயைப் பற்றி இல்லை. நான் அந்தக் காகிதத்தின் ஓரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முன்பு போல எங்காவது இரண்டு வரி இருக்கிறதா என்று. மாமிக்குக் குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். நலத்தையும் சலாமையும் வாசித்துவிட்டு மடித்தேன்.

"படத்தப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"நல்லா வந்திருக்காம் மாமி."

ஆச்சியைப் பற்றி எல்லாவற்றையும் எழுதினேன். மோர் குடித்தது, கேமராவைத் தலைகீழாகப் பிடித்தது, பெயர் கேட்க மறந்தது. இரண்டு பக்கம் நிறைந்தது. அவருக்கு நான் எழுதிய கடிதங்களிலேயே நீளமானது அதுதான். சரி, இனிமேல் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொள் என்று பதில் வந்தது. கோபமாக எழுதியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அவர் லீவில் வந்தார். அதுவும் மழைக்காலம்தான். நெற்குப்பையில் அவர் சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கேமராவை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விசேஷம் முடிந்து தெருக்களைச் சுற்றி நடந்தோம். நான் நின்று எடுத்த இடத்தில் எல்லாம் அவரும் பொறுமையாக நின்றார். கடையைப் பற்றியும், கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் வயலில் தண்ணீர் நிறைந்து, அதில் வானம் முழுதும் கிடந்தது. பாருங்கள் மச்சான் என்றேன். பார்த்தார். கொசு பெருத்துவிடும் என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஏழு வருஷமாக நான் ஏங்கிய பாரம் அது. அசையாமல் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பத்தூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் ஒவ்வொரு சன்னலாகத் தார்ப்பாயை இறக்கிக்கொண்டே வந்தார். எங்கள் சன்னலை நான் இறக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரின் சட்டைக் கையில் இரண்டு துளி விழுந்ததும் இறக்கிவிட்டேன்.