ஆரஞ்சு ஜூஸும் நாலு நாளும்

எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு வரை போனது நான்தான். அம்மா வைத்திக்குப்பம் கரையில் மீன் விற்பவள். அவளுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அண்ணன் பாதியில் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் படகேறியவன். நான் எம்.ஃபார்ம் சேர்ந்த பிறகு, தெருவில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் அது என் கைக்கு வரும். "எங்க பொண்ணு பாத்துச் சொல்லட்டும்" என்பாள் அம்மா. நான் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் படிப்பேன்.

அண்ணன் கல்யாணத்தோடு அது போனது. அண்ணி முதலியார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் மூன்று வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். படிப்பு பன்னிரண்டாவதுதான். என்னைவிட ஒரு வயது சிறியவள். ஆனாலும் நான்தான் அண்ணி என்று கூப்பிட வேண்டும். டாக்டர் கிறுக்கியதை ஒரு பார்வை பார்த்து, "இது கேஸ் மாத்திர, சாப்புடறதுக்கு முன்ன போடுங்க" என்பாள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் வந்தவர் செருப்பை மாட்டியிருப்பார். ஆறே மாதத்தில் சீட்டுகள் நேராக அவளிடமே போயின.

அப்போதுதான் அம்மாவுக்குக் காணாக்கடி வந்தது. கை, கழுத்து, முதுகு எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கும். டாக்டர் ஃபெக்சோஃபெனாடின் என்ற அரிப்பு மாத்திரை எழுதினார். மாத்திரை உடம்புக்குச் சூடு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அண்ணி தினமும் காலையில் ஆரஞ்சு பிழிந்து, பெரிய டம்ளர் நிறைய, மாத்திரையோடு நீட்டுவாள்.

"என் மருமவ மாத்திரயக்கூட ஜூஸுலதான் குடுக்குறா" என்று அம்மா கரை முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த டம்ளரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். பத்து நாளாகியும் அரிப்பு அடங்கவில்லை.

"இன்னும் கேக்கலியேம்மா" என்றாள் அம்மா.

"கேக்கும் அத்த. ரெண்டு நாள் போவட்டும்" என்றாள் அண்ணி.

அந்த வாரம் வகுப்பில் நான் பேச வேண்டிய தலைப்பு, சிறுகுடலின் கடத்துப் புரதங்கள். குடல் சுவரில் இருக்கும் இந்தப் புரதங்களில் சில, மருந்தை உள்ளே இழுத்து இரத்தத்துக்கு அனுப்பும். சில, உள்ளே நுழைந்ததைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். சுவரைத் தானாகக் கடக்க முடியாத மருந்துக்கு, உள்ளே இழுக்கும் புரதம்தான் வழி. புதன்கிழமை நூலகத்தில் ஒரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபெக்சோஃபெனாடின் என்று இருந்தது. அதற்கு நேரே ஆப்பிள் சாறு, ஆரஞ்சுச் சாறு. அந்தச் சாறுகளில் உள்ள சில பொருள்கள் உள்ளே இழுக்கும் புரதத்தை மறித்துவிடுகின்றன. மருந்தில் பெரும்பங்கு இரத்தத்தில் சேராமல் குடலோடு போய்விடுகிறது.

எனக்கு அம்மாவின் முதுகு நினைவுக்கு வரவில்லை. அண்ணி மாட்டிக்கொண்டாள் என்றுதான் தோன்றியது.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அப்பாவும் அம்மாவும் சாப்பிட வருவதாக இருந்தார்கள். அவர்கள் எதிரில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் டம்ளர் வந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அம்மா கரைக்குப் போகவில்லை. "இந்தக் கையப் பாத்தா எவ மீன் வாங்குவா" என்றாள். அவள் முதுகில் காலமைன் லோஷன் தடவிவிட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பரிமாற, எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தேன்.

"அண்ணி, அந்த மாத்திரைய ஜூஸுல குடுக்கவே கூடாது. மெடிக்கல்ல யாரும் சொல்லித் தரலியா?"

சோறு பிசைந்துகொண்டிருந்த அண்ணியின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் புரதம், குடல் சுவர் எல்லாவற்றையும் விளக்கினேன். அண்ணி கரண்டியோடு நின்று கடைசிவரை கேட்டாள்.

"அப்ப ஜூஸு வேற நேரத்துல குடிக்கலாமா?"

"குடிக்கலாம். சில மணி நேரம் தள்ளி. மாத்திரை தண்ணியிலதான்."

"எனக்குத் தெரியாது. தப்புதான் அத்த" என்றாள் அம்மாவிடம். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க எப்பப் படிச்சீங்க?"

"புதன்கிழமையே லைப்ரரில" என்று பெருமையாகச் சொன்ன பிறகுதான் நாளை எண்ணினேன்.

அம்மா கையைச் சொறிந்துகொண்டே நிமிர்ந்தாள். "புதன்கிழமையேவா? வெள்ளிக்கிழம நான் கரைக்கே போவலியேடி."

அண்ணி அம்மாவின் இலையில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து மாத்திரை தண்ணீரோடு போனது. அந்த வாரக் கடைசியில் தடிப்பு அடங்கியது. "மருமவ தண்ணியில மாத்திக் குடுத்தா, கேட்டுடுச்சி" என்று அம்மா கரையில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எரிந்தது. ஆனால் திருத்தவில்லை.

இப்போதும் சீட்டுகள் அண்ணியிடம்தான் போகின்றன. படித்துவிட்டு, வந்தவர்கள் எதிரிலேயே என் பக்கம் நீட்டுவாள்.

"இத எதோடயாவது போடக் கூடாதா? தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன்.