மால்சுன்னின் வலது கன்னம்

கொரியாவின் புச்சோன் நகரத்துப் பொதுக் குளியல் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பெண்களுக்கு முதுகு தேய்த்து அழுக்கெடுக்கிறவள் பியோ மால்சுன். ஒரு முதுகைத் தொட்டால் போதும், அந்தப் பெண் ஒழுங்காகத் தூங்குகிறாளா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவாள். தோலைப் பற்றி அவளிடம் யாரும் கதைவிட முடியாது. அப்பேர்ப்பட்டவளை, அறுபத்தொரு வயதில், ஓர் அழகுசாதன ஆய்வுக்கூடம் சோதனைக்குக் கூப்பிட்டது.

காப்பர் பெப்டைடு என்று ஒரு சரக்கு. புரதத் துணுக்கோடு செம்பு சேர்ந்த நீலத் தண்ணீர். புண்ணை ஆற்றும், சுருக்கத்தைக் குறைக்கும் என்று பேச்சு. முகத்தின் வலது பாதிக்கு நீலம், இடது பாதிக்கு மருந்தில்லாத வெள்ளைப் பூச்சு. பன்னிரண்டு வாரம் வேறெதையும் முகத்தில் தொடக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

மால்சுன் ஒருவேளைகூடத் தப்பவிடவில்லை. வேலை முடிந்து உடைமாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் நின்று, எல்லோரும் பார்க்கத்தான் பூசுவாள். குளிக்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன சித்தி, பாதிப் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?"

"மாப்பிள்ளையும் பாதிதான் வர்றானாம். வாயை மூடிட்டுப் போய்க் குப்புறப் படுடி!"

சந்திரப் புத்தாண்டுக்கு மகள் ஆசை ஆசையாய் ஜின்செங் முகக் கிரீம் வாங்கி வந்தாள். மால்சுன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அரிசிக்கேக் சூப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். அப்போதும் இவள் அசையவில்லை.

பன்னிரண்டாவது வாரம் கேமரா முன்னால் முகத்தை வைத்தார்கள். வலதும் இடதும் ஒரே மாதிரிச் சுருக்கம்! ஆய்வுக்கூடத்து டீம் லீடர் நாம்குங், முப்பத்தைந்து வயசுக்காரி, கையில் ஒரு தாளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, மத்தவங்க கணக்கெல்லாம் நல்லா வந்திருக்கு. உங்களோடதுதான் உதைக்குது. நடுவுல சில நாள் பூசலைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, உங்களை மட்டும் எடுத்துடலாம்."

"நான் எந்த நாள் பூசலை?"

"அட, ஒரு பேச்சுக்குத்தான்."

"ஏம்மா, நான் பொய் சொல்லணும், அதுக்குப் பேரு பேச்சா?" மால்சுன்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருபத்தாறு வருஷத்துல, பாதி முதுகு தேச்சு அனுப்பிட்டான்னு ஒருத்தி சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடறேன். சுருக்கம் போகலைன்னு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது என் சுருக்கம். ஆனா வேலையில ஏமாத்தினவள்னு என் பேரை நானே எழுதுவேனா?"

"போடலைன்னா அடுத்த சோதனைக்கு உங்களைக் கூப்பிட முடியாது, சித்தி."

"கூப்பிடாதே போ. உன்னைக் கெஞ்சிட்டா வந்தேன்?"

தாளை அவள் தள்ளிய வேகத்தில் நாம்குங் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறுகிற கை, விரலெல்லாம் வெடிப்பு. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் வெடிப்பே இல்லை.

"சித்தி, இந்த விரலுக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. நீங்க சொன்ன மாதிரி நீலத்தை இந்த விரலால பூசினேன், வெள்ளையை அந்த விரலால."

அவள் நீட்டிக் காட்டிய இடது ஆள்காட்டி விரல் பாளம் பாளமாய் வெடித்துத்தான் இருந்தது.

நாம்குங்குக்கு முகமெல்லாம் பல். "ஐயோ சித்தி, புண் ஆத்துதுன்னு இதையே எழுதலாமே! கையைக் கொடுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்!"

மால்சுன் விரல்களை மடக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒத்த விரலுக்கு ஊரைக் கூட்டாதே. மொதல்ல மூஞ்சியை எழுது."

"சித்தி..."

"மூஞ்சிக்குப் பொய் எழுதினவ விரலுக்கு நெசம் எழுதுவான்னு எவ நம்புவா? எழுது. நான் பார்க்கணும்."

நாம்குங் அந்த மூடிய கையைப் பார்த்தாள். பிறகு தாளை இரண்டாய்க் கிழித்துப் போட்டுவிட்டு, கணினியைத் திருப்பி வைத்து, தலைகுனிந்து தட்டினாள்: எல்லா நாளும் பூசினார். முகத்தில் வித்தியாசம் இல்லை.

மால்சுன் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் கையை விரித்தாள்.