மூன்றாவது மடிப்பு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபம் இல்லை. நானே நம்பாமல் இருக்கத்தான் பார்க்கிறேன்... முடியவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்திருந்தேன். இது நடந்தது சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில்.

அம்மாவுக்குப் பிறந்தநாள் வந்தது. கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று, நீளமான சார்ட் பேப்பரை விசிறி மாதிரி மாற்றி மாற்றி மடித்தேன். எட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரு போட்டோ. இரண்டு முனையிலும் கெட்டி அட்டை, அட்டையில் ஒட்டிய நீல ரிப்பன். ரிப்பனைக் கட்டினால் சின்னப் புத்தகம். அவிழ்த்தால் மேஜைமேல் வளைந்து வளைந்து நிற்கும்.

மூன்றாவது பக்கத்தில் தம்பி தனியாகச் சிரிக்கிற போட்டோ. நாலாவதில் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கிற போட்டோ. அந்த வரிசையின் கடைசியில் ஒரு பெண். இடது கையில் வாட்ச். அவள் மட்டும் சிரிக்கவில்லை. யாரோ தூரத்து அத்தை என்று நினைத்து ஒட்டிவிட்டேன்.

இப்படி மடித்தால் ஒரு விஷயம் உண்டு. மூடும்போது எதிரெதிர் போட்டோக்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். அதனால் பசை காயாமல் மூடக் கூடாது. நான் ஒரு அவசரக்குடுக்கை. மூடி, ரிப்பனைக் கட்டி, மேலே கனமான அகராதியைத் தூக்கி வைத்தேன்.

உள் அறையில் தம்பி இருமினான்.

தம்பிக்கு ஒன்பது வயது. ஒல்லி என்பதால் குண்டூசி. அவனுக்கு வீசிங் உண்டு. அம்மா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போவது ஒன்றே ஒன்றுதான். "அவன் மூச்சைப் பாத்துக்கோ."

"டேய் குண்டூசி, பஃப் எடுத்தியா?"

"எடுத்துட்டேன். நீ உன் வேலையப் பாரு, பெரிய டாக்டரம்மா!"

பசை காய்ந்ததா என்று ரிப்பனை அவிழ்த்துப் பிரித்துப் பார்த்தேன். இருமல் நின்றது. மறுபடி மூடினேன். இருமல் வந்தது. சுவிட்ச் போட்ட மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், சிரித்தேன்.

சரி, காயட்டும் என்று நன்றாக விரித்து நிற்கவைத்தேன். அகராதியை அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனேன். கரண்ட் இல்லை. ஃபேன் சத்தம்கூட இல்லாத அமைதி.

சர்ர்ர்...

மேஜைமேல் துணி இழுபடுகிற சத்தம்.

பட்.

ஓடி வந்தேன். புத்தகம் மூடியிருந்தது. ரிப்பன் கட்டியிருந்தது. நான் எப்போதும் பூ மாதிரிதான் கட்டுவேன். இது முடிச்சு. இறுக்கி இறுக்கிப் போட்ட முடிச்சு.

உள் அறையில் இருமல் இல்லை.

எந்தச் சத்தமும் இல்லை.

தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. மூச்சு போகவில்லை. உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. பஃப்பை வைத்து அழுத்தினேன். மருந்து புகை மாதிரி வெளியே வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை...

தம்பி என்னையே பார்த்தான். உள்ளங்கையை விரித்தான். தன் முகத்தில் வைத்து அழுத்திக் காட்டினான்.

முகத்தோடு... முகம்.

மேஜைக்கு ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. நகம் பிய்ந்தது. கத்தரிக்கோல் வழுக்கியது. பல்லால் கடித்தேன். ரிப்பன் ஈரமாக இருந்தது. ஜில்லென்று.

கிழிந்தது.

மூன்றாவது மடிப்பு மட்டும் பிரியவில்லை. இழுத்தேன்.

கிர்ர்ர்ர்...

உள் அறையில் ஒரு நீளமான மூச்சுச் சத்தம்.

"அக்கா..."

அழுதுகொண்டேதான் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

நாலாவது பக்கத்தில், வரிசையின் கடைசி இடம் வெள்ளையாக இருந்தது.

அவள் மூன்றாவது பக்கத்தில் இருந்தாள். தம்பிக்குப் பின்னால். வாட்ச் கட்டிய இடது கை அவனுடைய இடது தோளில்.

இப்போது சிரித்தாள்.

அன்று ராத்திரி அம்மாவிடம் காட்டி, அவள் யார் என்று கேட்டேன். "உங்கப்பா வீட்டு ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியுமா என்ன?" என்றாள். அப்பா எட்டிப் பார்த்தார். "எங்க பக்கம் இப்படி ஒரு ஆளே கிடையாது. உங்கம்மா பக்கம்தான். பாத்தாலே தெரியுதே!" இருவரும் சண்டை போட்டுச் சிரித்தார்கள். நான் சொன்ன மற்றதை யாரும் காதில் வாங்கவில்லை. வீசிங் வந்திருக்கிறது, நான் பயந்துவிட்டேன். அவ்வளவுதான் அவர்களுக்கு.

இன்றைக்குச் சாயங்காலம் தம்பியின் பள்ளிக்கூடத்துக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோ அண்ணனிடம் அந்த மடிப்புப் புத்தகத்தையும் காட்டி, நாலாவது பக்கத்தில் இடது கையில் வாட்சோடு நின்றவள் மூன்றாவதுக்கு வந்துவிட்டாள் என்றேன்.

"ஈரப் பசைம்மா. அமுக்கி வச்சா மை அடுத்த பக்கத்துல ஒட்டத்தான் செய்யும்."

எனக்கு உயிரே வந்தது. அவர் இன்னும் உற்றுப் பார்த்தார்.

"ஆனா... ஒட்டினா கண்ணாடியில பாக்கிற மாதிரி மாறித்தானே விழணும்? வாச்சு வலது கைக்குப் போயிருக்கணுமே..."

திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்து, கேமராவில் கண்ணை வைத்தார்.

"தோளை நேரா வைப்பா."

தம்பி நிமிர்ந்தான்.

"இல்லப்பா, இன்னும் சாஞ்சிருக்கு. இடது தோளைக் கொஞ்சம் தூக்கு."

தம்பி என்னைப் பார்த்தான்.

"தூக்க முடியலண்ணா... கனமா இருக்கு."