டேப்பர் ஆட்டம்

ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததால்தான் நாங்கள் அந்த நிகழ்ச்சிக்கே போனோம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்பு வந்திருக்காது.

மலேசியாவில், ஈப்போ டவுனில் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உண்டு. எட்டுப் பேர். எல்லாரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர்கள். மாதம் ஒருமுறை எங்காவது சேர்ந்து போவோம். ஏற்றிக்கொண்டு போவது ஓய்வு பெற்ற லாரிக்கார அண்ணன் ஒருவர். அவரிடம் பழைய வேன் இருக்கிறது. போன வருஷம் அவர் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினார். பலகை மேல் கயிறு கட்டிய ஒற்றைச் சப்பாத்து, அதற்கு மேலே ஆங்கிலத்தில் 'டேப்', 'ஜாஸ்' என்று இரண்டு சொல். கூடவே அண்ணனின் குரல்.

"நம்ம ஆளுங்களப் பத்தி டான்ஸ் போடுறாங்கலா! டேப்பர் டான்ஸ்! சப்பாத்தப் பாத்தீங்களா? மரம் வெட்ட நிரைக்குப் போட்டுட்டுப் போவோமே, அதே மாதிரி!"

யாரும் சந்தேகப்படவில்லை. என் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் தொழில் 'டேப்பர்' என்றுதான் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? ஜாஸ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு அண்ணன், "மேளம்தான், வெள்ளக்கார மேளம்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அந்தச் செய்தி வேறு விதத்தில் உதவியது. பக்கத்து வீட்டு அக்கா சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருஷம் பால் வெட்டியவர். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை நோய் வந்து, புண் ஆறாமல், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி ஐந்து மாதமாகியும், ஒரே ஒரு நாளைத் தவிர வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. நடக்க முடியாமல் இல்லை. வீட்டுக்குள் நன்றாகவே நடப்பார். சிமெண்டுத் தரையில் அந்தக் கால் டொக்கு டொக்கென்று சத்தம் போடும். அந்த ஒரு நாள் கோயிலில் பூசை நேரத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரு வரிசையே திரும்பிப் பார்த்திருக்கிறது. அதோடு சரி. காலுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். "மாப்புள வாயாடி. நாலு பேர் இருக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது" என்பார்.

நான் விடுகிறதாக இல்லை. தினம் சாயங்காலம் போய் உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசினேன். சந்தைக்கு வரமாட்டேன் என்றார், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். டேப்பர் டான்ஸ் என்றதும்தான் நிமிர்ந்தார்.

"மரத்த எப்படி வெட்டுறாங்கன்னு பாக்கணும். பட்டைய ஆழமா வெட்டுனாங்கன்னா எந்திரிச்சுச் சொல்லிருவேன்."

"சொல்லுங்கக்கா. அதுக்காகவாவது வாங்க."

"வாரேன். ஒரு தடவதான். சரிப்படலன்னா அப்புறம் நீ என்னக் கூப்பிடக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டேன். இந்த ஒரு சாயங்காலம் கெட்டால் அவர் இனி வெளியே வரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சி நாலு மணிக்கு, பழைய கடைவரிசையில் ஒரு மண்டபத்தில். உள்ளே கால் வைத்ததும் தரையைத்தான் பார்த்தேன். முழுக்கப் பலகை, சிமெண்டைவிடச் சத்தம் போடும். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் இழுத்தபடியே வந்து, கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

பியானோ, பெரிய பேஸ், டிரம், சாக்சபோன். நாலு பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். பிறகு மேடைக்கு ஒரு மலாய்ப் பெண்ணும், ஐம்பது தாண்டிய ஒரு சீனரும் வந்தார்கள். கையில் கத்தி இல்லை, வாளி இல்லை. அடியில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து. அந்தப் பெண் காலை ஒரு தட்டுத் தட்டினாள். மண்டபமே அதிர்ந்தது.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "தங்கச்சி, மரம் எப்ப வரும்?"

"மரம் வராதுண்ணே. இது 'டேப்பர்' இல்ல, வெறும் 'டேப்'. காலால தட்டுற டான்ஸ்."

"ஐயோ," என்று அவர் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு காலை இழந்தவரைக் கூட்டிவந்து, கால்களை மட்டுமே காட்டும் ஆட்டத்துக்கு முன்னால் உட்கார வைத்திருந்தோம்.

"அக்கா, போலாமா? தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்."

அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா இருடி. சத்தம் கேக்கல."

நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. டிரம்காரர் ஒன்று கேட்பார், சீனர் காலால் பதில் சொல்வார். அவர் சொன்னதை அந்தப் பெண் வாங்கி இரண்டு மடங்கு வேகத்தில் திருப்பிக் கொடுப்பாள். சந்தையில் இரண்டு வாயாடிகள் பேரம் பேசுவது போல இருந்தது. அண்ணன் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். எங்கள் வரிசை முழுக்கச் சிரிப்பு.

"ஆம்பள நல்லாத்தான் ஆடுறாரு," என்றார் அக்கா. "இடது காலு மட்டும் சோம்பேறி. வலது காலு நாலு தட்டுனா, அது ஒண்ணு தட்டுது. கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. ஐந்து மாதமாக ஒரு காலின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவருக்குக் கேட்டிருக்கிறது.

இடைவேளையில் பார்த்தேன், அவர் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லையாம். குடித்தால் கழிவறைக்குப் போகணும். கழிவறை மேடையை ஒட்டி, அந்தக் கோடியில் இருந்தது. அவ்வளவு பலகையையும் தாண்டணும்.

"இப்ப எல்லாரும் எந்திரிச்சு நடக்குறாங்கக்கா. இப்பவே போய்ட்டு வந்துருவோம்."

"இப்ப வரலடி," என்றார். கழிவறைக் கதவு வரைக்கும் இருந்த பலகையைக் கண்ணால் அளந்தார். பிறகு என் கையிலிருந்த போத்தலை வாங்கி, அண்ணாந்து, முழுசையும் குடித்தார். அண்ணன் வைத்திருந்ததையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அக்கா, மெதுவா!"

"தாகமா இருக்குலா. குடிக்கக்கூடாதா நான்?"

இரண்டாம் பாதியில் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்க, பியானோ மட்டும் தனியாக மெல்ல வாசித்தது. மண்டபம் மூச்சுவிடாமல் இருந்தது. வேறெந்த நேரமும் கிடைக்காதது போல, அக்கா அப்போதுதான் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"நீ உக்காரு."

"அக்கா, ரொம்பத் தூரம்."

"தெரியுது. உக்காரு."

காலை இழுக்கவில்லை. தூக்கி வைத்தார். டொக். அடுத்தது மெத்தென்று ஒரு கால். மறுபடி டொக். முன்வரிசையில் இரண்டு பேர் மேடையோரத்தைப் பார்த்தார்கள், ஆட்டக்காரர்கள் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்து. யாரும் இல்லை என்றதும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய்த் தாங்கலாமா என்று கால் துடித்தது. அக்கா அவர்களை நேராகப் பார்த்தார். "நான்தான், நீங்க பாட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் கூட்டாமல் நடந்தார். பலகை முழுக்க ஒவ்வொரு டொக்கையும் எண்ணி எண்ணிக் கேட்டேன். கழிவறைக் கதவு சாத்திய பிறகுதான் நாற்காலி விளிம்பை விட்டேன்.

திரும்பி வரும்போது பாட்டு முடியவில்லை. எங்கள் வரிசை வரைக்கும் அவர் வரவும் இல்லை. பாதி வழியில், பியானோக்காரரின் விரல் தெரிகிற இடத்தில் நின்றுவிட்டார். அங்கே இருந்த ஒருவர் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அக்கா கையை ஆட்டி வேண்டாம் என்றார். சுவரில் ஒரு கை ஊன்றி, எல்லாரும் பார்க்கிற இடத்தில், கடைசி வரைக்கும் நின்றே கேட்டார்.