துணி சுற்றிய கை

எடின்பரோவில் குலச்சின்னங்கள் வரைவது என் வேலை. பட்டம் பெற்றவர்கள் தங்களுக்கெனக் கேடயச் சின்னம் கேட்டு வருவார்கள். பெரும்பாலும் புத்தகமோ விளக்கோதான் கேட்பார்கள். பேராசிரியை பெய்கி மக்ஆஸ்கில் கேட்டது வேறு: நீலப் பின்னணியில் ஒரு வெள்ளிக் கை, விரல்களில் துணிச் சுற்று.

அடிபட்ட சிப்பாயின் கை என்று நினைத்துவிடுவார்களே என்றேன்.

"இது மீன் அறுக்கிற கை. கத்தி கிழிக்காம இருக்க இப்படித்தான் துணி சுத்திப்பாங்க. எங்க அக்கா மர்டினாவோட கை."

ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில் அவர்களுடையது ஏழைக் குடும்பம். அக்கா துறைமுகம் துறைமுகமாகப் போய் ஹெர்ரிங் மீன் அறுத்ததால்தான் தங்கை பல்கலைக்கழகம் வர முடிந்தது. பட்டமளிப்பு நாளன்று அக்கா படகிலிருந்து நேராக வந்து நின்றாள், விரல் துணியைக்கூட அவிழ்க்காமல். யார் இது என்று தோழிகள் கேட்டார்கள்.

"ஊர்க்காரின்னு சொல்லிட்டேன். அவ காதுல விழுந்துச்சு."

அடுத்த ஆண்டு மர்டினா நியூசிலாந்துக்குக் கப்பலேறினாள். அதன்பின் நாற்பது வருடம் கடிதமே இல்லை.

சின்னத்தின் பிரதி ஒன்றை, ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ தந்திருந்த நியூசிலாந்தின் டனீடின் நகர முகவரிக்குப் பேராசிரியை அனுப்பினார். நாலு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: 'கட்டை விரலுக்கும் துணி சுத்துவோம், நீ எங்க கவனிச்சே.' அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் கட்டை விரலுக்கும் துணி வரைந்தேன்.

திருத்திய படத்தைத் தபாலில் போட அவருக்கு மனமில்லை. கையோடு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். இரண்டு நாள் அக்கா வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்து, மூன்றாம் நாள்தான் கதவைத் தட்டினாராம்.

"கதவத் திறந்தா. 'உள்ள வா பெய்கி, குளிர் காத்து வருது'ன்னா. அவ்வளவுதான்."

பதினோரு நாள் தங்கினார். ஆட்டுக்கறி சூப், சீட்டாட்டம், செத்துப்போன ஊர்க்காரர்களின் கதை. பட்டமளிப்பு நாளைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. கிளம்பும் நேரத்தில் மன்னிப்புக் கேட்டுவிட நினைத்தார். அக்காவோ பஸ் நேரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், மழையைப் பற்றி என்பார்.

"அடுத்த வாரம் சொல்லிடுவேன்" என்றார் நேற்றும்.