அக்கா தவறி விழவில்லை

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, காவிரிப் படுகையில் என் அக்காவுக்கு ஒரு வாழைக்கொல்லை இருந்தது. அதில் பாதி இப்போது ஆற்றுக்குள் கிடக்கிறது.

அத்தான் இறந்த பிறகு அக்கா என் வீட்டோடு வந்துவிட்டாள். ஆனால் கொல்லையை மட்டும் யாரிடமும் குத்தகைக்கு விடவில்லை. தினமும் காலையில் அவளே போய் இலை அறுத்து வருவாள். சென்ற கோடை முழுவதும் அந்தக் கொல்லைக்கு நேர் கீழே, ஆற்றுக்குள் குவாரிக்காரர்கள் பொக்லைன் வைத்து மணல் அள்ளினார்கள். ஆளுயரப் பள்ளம் விழுந்தது. கரையின் அடிமண்ணைக்கூட விடவில்லை. கேட்டதற்கு, "அளவாத்தாங்க எடுக்கிறோம்" என்று சிரித்தார்கள்.

ஆடியில் தண்ணீர் வந்து பள்ளத்தை மூடியது. புரட்டாசியில் அணையில் திடீரென்று தண்ணீரைக் குறைத்தார்கள். இரண்டே நாளில் ஆறு வடிந்துவிட்டது. அப்போதுதான் அக்கா வெடிப்பைக் காட்டினாள். வெயிலில் வயல் வெடிப்பது போல் அது இல்லை. கரையை ஒட்டி நெடுக ஒரே கோடாக ஓடியது. கோட்டுக்கு ஆற்றுப்பக்கம் இருந்த மண் நாலு விரல் இறங்கியிருந்தது.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பொதுப்பணித்துறை அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி படத்தைப் பார்க்கவே இல்லை.

"மண்ணுன்னா வெடிக்கத்தாங்க செய்யும். ஒரு மழை பெஞ்சா மூடிக்கும், போங்க."

மறுநாள் காலை அக்காவைத் தடுத்தேன். "வாழை தாரோட சாயுதுடா, முட்டு கொடுத்துட்டு ஓடியாந்துடறேன்" என்றாள். மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். நான் வண்டியை நிறுத்தும்போது அது நடந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். நின்ற வாழைகள் நின்றபடியே கீழே இறங்கின. நடுவில் அக்காவும்.

இடுப்புவரை மண். பக்கத்துக் கொல்லைக்காரர் மம்பட்டியோடு குதித்தார். "மம்பட்டி வேணாங்க, கால்ல பட்டுடும்!" என்று கத்தினேன். இருவரும் கையாலேயே தோண்டினோம். அக்கா அழவில்லை. என் சட்டையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

நாலாம் நாள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வாக்குமூலத்தை எழுதியே கொண்டுவந்தார். கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம். அக்கா கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள். வெள்ளத்தில் சேதமடைந்த கரையில் கவனக்குறைவாக நடந்து, கால் தவறி விழுந்தார் என்று இருந்தது.

"நான் எங்கங்க தவறுனேன்? நின்ன எடத்துலதான் நின்னேன். கரைதான் விழுந்துச்சு."

"அது ஒரு வார்த்தைதாம்மா. போடுங்க, மேல அனுப்பணும்."

"வெள்ளம் எங்கேருந்து வந்துச்சு? தண்ணி வடிஞ்ச அப்புறம்தானே சரிஞ்சுது?"

இப்படிக் கேட்டு நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்காக என்று அலுவலகத்துக்காரர் நினைத்தார். அவளோ அந்த வரிகளை அடித்துவிட்டு, 'அடியில் மணல் எடுத்ததால் கரை சரிந்தது. நான் அதோடு போனேன்' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அடிச்சு எழுதினா செல்லாதும்மா" என்றார் அவர். அவர் மடித்து வைப்பதற்குள் நான் அதைப் படம் எடுத்துவிட்டேன்.

அந்தப் படத்தோடு மூன்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். பொக்லைன் எங்கள் ஊரைவிட்டுப் போனது. சரிந்த இடத்தில் நாலு வரிசை மணல் மூட்டை அடுக்கினார்கள். எங்கள் ஆற்றில் அள்ளியதில் எங்களுக்குத் திரும்பி வந்தது அவ்வளவுதான். அறிக்கையில் 'இயற்கைச் சரிவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். இயற்கைக்கு வாய் இருந்தால் இவர்களைக் காறித் துப்பியிருக்கும்.

இப்போது அதே பொக்லைன் கீழூரில் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களோடு வரும் திங்களும் போகிறேன். அக்கா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்.

"வாக்கரை வச்சுக்கிட்டு அந்தப் படியெல்லாம் எப்படிக்கா ஏறுவ?"

"நான் ஏன்டா ஏறணும்? அவங்கள எறங்கி வரச்சொல்லு."