கால் மாத்திரை

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை விரித்து, மேலே கோடு போட்டு மெஷினை ஓட்டினால் நூறும் ஒரே அச்சாக வரும். குடியை மோந்துகூடப் பார்க்காத மனுஷன்.

விபத்தில் முதுகு போனபோது, தூக்கத்துக்கென்று ஒரு டாக்டர் பதினைந்து நாளுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒன்பது வருஷம் ஓடியது. எழுதின புண்ணியவான் எங்கே இருக்கிறாரோ! பெற்ற மகள் பெயருக்கே தடுமாற ஆரம்பித்த பிறகுதான் வேறு டாக்டரம்மாவிடம் போனோம். “சட்டுனு நிறுத்தவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்” என்றார். எட்டு மாதத்தில் ஒன்று முக்காலாகி, அரையாகி, கால் மாத்திரையில் வந்து நின்றது.

அந்தக் காலைப்பொழுது என் எதிரிக்கும் வேண்டாம். நாலரைக்கே படுக்கை வியர்வையில் நனைந்துவிடும். மண்டைக்குள் ஷாக் அடிக்கிறது என்பார். தம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் மடியில். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். பத்து மணி ஆனால் கை நடுக்கம் தானாக நின்றுவிடும். கம்பெனியோ எட்டு மணிக்குத் திறக்கிறது.

நானும் அங்கேதான், செக்கிங் மேஜையில். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் மேனேஜரிடம் போனேன். யார் கேட்டார்கள் என்னை!

“சார், அவர் மாத்திரைய விட்டுக்கிட்டு இருக்காரு. காலைல மட்டும் கை நடுங்கும். பத்து மணி வரைக்கும் துணி விரிக்கட்டும், அப்புறம் வெட்டட்டும் சார்.”

“மாத்திரையா? எத்தனை வருஷமா?”

“ஒன்பது வருஷம் சார்.”

அவர் முகம் போன போக்கிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். விடுவது என்றால் குடியை விடுவது, இல்லையென்றால் போதையை விடுவது. வேறு எது இவர்கள் காதில் ஏறும்? “டாக்டர் குடுத்தது சார்” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க.”

மத்தியானத்துக்குள் ‘மாத்திரை மாஸ்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் மெஷின் வேறொருவன் கையில். இவர் நூல் பிசிறு வெட்டுகிறவர்களோடு ஸ்டூலில். ஒரு வாரத்தில் கை நடுக்கம் நிற்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர். வீட்டில் அவர் என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் முழு மாத்திரையைப் பிட்காமல் வாயில் போட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“எட்டு மாசங்க! இன்னும் கால்தானே பாக்கி!”

“கால்தான். வேலை போச்சுன்னா கால் வயிறுகூட ரொம்பாது. விடு.”

விழுங்கிவிட்டார். அடுத்த நாளும் முழுசு, அதற்கடுத்த நாளும் முழுசு.

ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் வந்து இவரை இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினார். ஒரு விரல் அசையவில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா? மனசு வச்சா விட்டுடலாம்! மாஸ்டருக்கு எல்லாரும் கை தட்டுங்க!”

தட்டினார்கள். அவர் தலையே நிமிரவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நானும் தட்டினேன்.